பழைய காரின் பின்பக்கப் புஷ்: வீட்டுக் களத்திலேயே மாற்றுவதற்கு முழு வழிகாட்டி

மதகு ஏறி இறங்கும்போது பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். சாலையில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருப்பார்கள். ஓரத்து மண்ணில் இறங்கி மறுபடி தார் மேல் ஏறும்போது இன்னொரு ‘டொக்’. பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் ஆற்றங்கரைச் சாலைகளிலேயே ஓடித் தேய்ந்த பழைய கார்களில் இந்தச் சத்தம் சகஜம். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து இரண்டையும் மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருப்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் நிறையப் பேர். பல நேரம் போயிருப்பது அது இல்லை. இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கும் தண்டான பின் ஆக்சிலைப் பாடியோடு பிடித்திருக்கும் இரும்பு ஆர்ம்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு முழு நாள் வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். நான் சொல்வது என்னிடம் இருக்கும் பழைய மாருதி ஆல்ட்டோவை வைத்து. அந்தக் காலத்து 800, ஜென் ஆகியவற்றின் பின்பக்கமும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முறுக்கு பீம். அதன் இரண்டு முனையில் இரண்டு பெரிய புஷ், அவ்வளவுதான். அம்பாசிடரில் பட்டை ஸ்பிரிங்கின் கண்ணிலும் (முனையில் இருக்கும் வட்டத் துளை) அதைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளிலும் புஷ் இருக்கும். கழற்றும் வழி மாறும், பின்னால் சொல்லப்போகும் முக்கியமான விதிகள் மாறாது.

புஷ் எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு ஸ்லீவ், நடுவில் ரப்பர். வெளி ஸ்லீவ் ஆர்மின் கண்ணுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள் ஸ்லீவ் வழியாகப் போல்ட் போகும். நட்டை முறுக்கினால் ஆர்மைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு காதும் உள் ஸ்லீவை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதாவது உள் ஸ்லீவ் போல்ட்டின் மேல் சுழலாது, சுழலவும் கூடாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுத்து, மறுபடி தன் நிலைக்குத் திரும்பும். ஈரத் துண்டின் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கொஞ்சம் முறுக்கிவிட்டு விடுவது போல.

ஆல்ட்டோவின் பின் ஆக்சில் ஒரே தண்டு. அதை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க இடதும் வலதும் ஒவ்வொரு ட்ரெய்லிங் ஆர்ம். பக்கவாட்டில் நகராமல் பிடிக்க குறுக்கே ஒரு லேட்டரல் ராடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஆக மொத்தம் 6 புஷ்.

நம் ஊரில் இவை சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. சாலைக்குச் சாலை மதகு, மதகுக்கு மதகு ஒரு ஏற்ற இறக்கம். நடவுக் காலத்தில் கேஜ் வீல் டிராக்டர் இழுத்துவந்து போட்ட களிமண் போல்ட் தலையைச் சுற்றி அப்பிக் காய்ந்து, ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமானால் உப்புக் காற்று வேறு. ரப்பர் தேய்வதற்கு முன்பே போல்ட் துருப்பிடித்து ஸ்லீவோடு ஒட்டிக்கொள்ளும். வேலையில் பாதி நேரம் இந்தத் துருவோடுதான் கழியும்.

முதலில் நோயைக் கண்டுபிடி

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதே மதகில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். சத்தம் நின்றுவிட்டால் செலவு மிச்சம். நிற்கவில்லை என்றால் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ்ஷையும் பாருங்கள்.

அப்புறம் வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டட்டும். நீங்கள் சக்கரத்துக்கு வெளியே உட்கார்ந்து, ஆர்மும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரலை அந்த இடுக்கில் விட வேண்டாம், வெளியே ஒட்டி வைத்தால் போதும். நல்ல புஷ்ஷில் அசைவு மெத்தென்று இருக்கும். போன புஷ்ஷில் ‘டக்’ என்று இரும்பு இரும்பைத் தட்டுவது விரலுக்குத் தெரியும். உள் ஸ்லீவ் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம்தான். வெடிப்பு ஆழமாக ஓடியிருந்தாலோ, ரப்பர் ஸ்லீவை விட்டுப் பிரிந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறியும் உண்டு. வளைவில் பள்ளம் வந்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு அடி தள்ளி நிற்பது போல இருக்கும். ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வரும். கொள்ளிடம் பாலம் மாதிரி நீண்ட பாலத்தில் காற்று அடிக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

வாங்க வேண்டியது

ஒரு புஷ் போயிருந்தாலும் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள். இடது ஆர்மில் புது ரப்பர், வலதில் பழசு என்றால் ஆக்சில் நேராக நிற்காது. என் யோசனை, 6 புஷ்ஷையும் ஒரே நாளில் முடித்துவிடுவது. அதோடு போல்ட்டும் நட்டும் புதிதாக வாங்குங்கள். வண்டிக் கம்பெனியின் போல்ட்டாகவே கேளுங்கள். ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது. பழைய நட்டில் பூட்டும் அமைப்பு தேய்ந்திருக்கும், அதைத் திரும்பப் போடாதீர்கள்.

புஷ் போட்டே தயாராக வரும் முழு ஆர்மும் கடையில் கிடைக்கும். ஆர்மே துருப்பிடித்து உதிர்கிறது என்றால் அதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். புஷ்ஷை ஆர்மில் அழுத்தி ஏற்றும் வேலை மொத்தமும் மிச்சம்.

இரும்பு போலக் கெட்டியான பாலியூரிதேன் புஷ்ஷும் விற்கிறார்கள். நம் சாலைக்கு, குடும்ப வண்டிக்கு, ரப்பர்தான் நல்லது. ஒவ்வொரு மேடு பள்ளமும் முதுகுக்கு நேராக வந்து சேர வேண்டியதில்லை.

கருவி என்று பார்த்தால்: நல்ல ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்டு இரண்டு, 14 முதல் 19 வரை ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், நீளமான கைப்பிடி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், வயர் பிரஷ், எமரி தாள், துரு விடுவிக்கும் ஸ்பிரே, ஹேக்ஸா. புஷ்ஷை இழுக்க 12 மி.மீ. உயர் வலிமை திரெட் ராடு ஒரு அடி, அதற்கு நட்டு நான்கு, கனமான வாஷர் ஐந்தாறு, கூடவே இரண்டு விதக் குழாய்த் துண்டு. டார்க் ரெஞ்சை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலும் போதும், ஆனால் அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இடம்

டெல்டாவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மண் வண்டல், களி. மேலே காய்ந்து கட்டாந்தரை போலத் தெரியும். வண்டியின் எடை ஏறியதும் ஜாக்கியின் குறுகிய அடி மெதுவாக உள்ளே இறங்கும். ஒரு பக்கமாக இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும். சிமெண்ட் போட்ட நெற்களம்தான் சரியான இடம். தை அறுவடை முடிந்து களம் காலியான பிறகு, மாசி, பங்குனியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் மழைத் தொல்லையும் இல்லை. களம் இல்லை, வாசல்தான் என்றால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டு அங்குலக் கனத்தில் அகலமான பலகை போடுங்கள். பழைய வீடு பிரித்த பனஞ்சட்டம் கிடைத்தால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அதைவிட நல்லது இல்லை.

செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. விரிசல் விடுவதற்கு முன் அவை எந்த எச்சரிக்கையும் தராது.

தூக்குவதற்கு முன் ஒரு அளவு

வண்டி சமதளத்தில், காலியாக, நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே, சக்கர வளைவின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கத்துக்கும் எழுதி வையுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் களத்திலேயே எழுதினாலும் சரி. கடைசியில் இந்த எண்தான் வேலையை முடித்துக் கொடுக்கப்போகிறது.

அடுத்து, வண்டியை முதல் கியரில் போட்டு, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அந்தச் சக்கரமோ காற்றில் தொங்கப்போகிறது. ஆல்ட்டோ முன் சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதால் கியர் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே வைத்தால் அதன் கேபிளும் தளர்ந்திருக்கும்.

வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, பாடியின் ஓரத்தில் ஜாக்கி வைப்பதற்கென்று பலப்படுத்தப்பட்ட இடங்களில் ஸ்டாண்டு கொடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வேண்டாம். அது அசைய வேண்டும். வண்டியைப் பலமாக ஒரு முறை தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் தலையை உள்ளே விட வேண்டும். சக்கரங்களைக் கழற்றி, பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு போனாலும் அது ஒரு காப்பு.

கழற்றுவது

முந்தைய நாள் மாலையே போல்ட், நட்டு எல்லாவற்றையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணை நீக்கி, துரு ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். காலையில் இன்னொரு தடவை.

ஜாக்கியை ஆக்சிலின் நடுவில், லேசாகத் தாங்குவது போல மட்டும் வையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு ஆர்ம் மட்டும். இது கண்டிப்பு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் ஆக்சில் உருண்டு, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் இடம் மாறும். ஹேண்ட் பிரேக் கேபிள் ஆர்மோடு கிளிப் போட்டிருந்தால் முதலில் அதை விடுவியுங்கள். போல்ட் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்டு கழன்றுவிடும். போல்ட் வராது. இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள்.

போல்ட் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது ரப்பரும் சேர்ந்து முறுகி, விட்டதும் ‘விண்’ என்று திரும்பி வந்தால், போல்ட்டும் உள் ஸ்லீவும் துருவால் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். நட்டைப் போல்ட் முனையோடு சமமாக வரும்வரை திருப்பி வைத்து, அதன் மேல் செம்புத் துண்டு அல்லது மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். மறைகள் நசுங்காது. திருப்புவதும் தட்டுவதும் ஸ்பிரே அடிப்பதுமாக அரை மணி நேரம் கொடுங்கள். பெரும்பாலும் அசைந்துவிடும்.

அசையவில்லை என்றால் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். ட்ரெய்லிங் ஆர்மின் முன் முனைக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, பிரேக் ஹோஸும் எட்டும் தூரத்தில்தான். எல்.பி.ஜி. கிட் போட்ட வண்டியானால் டிக்கியில் சிலிண்டர் வேறு. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். புதுப் போல்ட் வாங்கி வைத்திருப்பது இதற்குத்தான். பிராக்கெட்டின் காதில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். வியர்வை கண்ணில் இறங்கும். ஆனாலும் அதுதான் பாதுகாப்பான வழி.

பழைய புஷ்ஷை எடுப்பது

கழற்றிய ஆர்மை வைஸில் பிடியுங்கள். புஷ் கண்ணிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். சில புஷ்ஷில் ரப்பருக்குள் இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஆர்மில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். புது புஷ் அதே திசையில் உட்கார வேண்டும்.

இழுக்கும் முறை இது. புஷ்ஷின் வெளி ஸ்லீவைவிட ஒரு நூல் சிறியதாக ஒரு சாக்கெட், ஒரு பக்கம். வெளி ஸ்லீவ் முழுதும் உள்ளே நுழையும்படி கொஞ்சம் பெரிய குழாய்த் துண்டு, மறுபக்கம். அதன் விளிம்பு ஆர்மின் கண்ணில் சரியாக உட்கார வேண்டும். திரெட் ராடை நடுவில் விட்டு, இரு முனையிலும் வாஷர், நட்டு. ராடின் மறைகளில் மட்டும் கிரீஸ் தடவி, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் முறுக்குங்கள். முதலில் இறுகும், இறுகும், அப்புறம் ‘படார்’ என்று ஒரு சத்தம். அது ராடு உடைந்த சத்தம் இல்லை, துரு விட்டுக்கொடுத்த சத்தம். அதன் பிறகு சீராக வெளியே வரும்.

வரவில்லை என்றால் ரப்பரைத் துளைத்து உள் ஸ்லீவை எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு வெளி ஸ்லீவை மட்டும் ஒரு கோடு அறுங்கள். ஸ்லீவின் கனம் குறைவு. அறுத்து முடிந்ததும் பிளேடின் ஓசை மாறும். அங்கே நிறுத்துங்கள். ஆர்மின் கண்ணில் கோடு விழுந்தால் ஆர்ம் வீண். ரப்பரை எரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு, ஆர்மின் இரும்புக்கும் நல்லதில்லை.

இதெல்லாம் முடியாது என்று தோன்றினால், கழற்றிய ஆர்மையும் புதுப் புஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள். டிராக்டர் வேலை பார்க்கும் பட்டறைகளில் ஹைட்ராலிக் பிரஸ் பெரும்பாலும் இருக்கும். கால் மணி நேர வேலை. அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் வேலைக்கு வந்த பையனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, நடுவுல அமுக்காத. வெளி விளிம்புல அமுக்கு. நடுவுல அமுக்கினா இங்கயே ரப்பர் பிஞ்சிரும்.”

புதிதை உட்கார வைப்பது

கண்ணின் உட்புறத்தை எமரியால் துரு போகும்வரை மட்டும் தேயுங்கள். அரம் போட்டு ராவ வேண்டாம். துளை பெரிதானால் புஷ் இறுகி உட்காராது. பழைய புஷ்ஷையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெளி விட்டம், நீளம், போல்ட் ஓட்டை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

புஷ்ஷை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்து, ஆர்மை வெயிலில் போட்டு வைத்தால் கொஞ்சம் உதவும். 35 மி.மீ. விட்டமுள்ள இரும்பு 60 டிகிரி வித்தியாசத்தில் 0.025 மி.மீ. அளவுக்குத்தான் மாறும். மயிரிழையைவிட மெல்லிய கணக்கு. ஆனால் புஷ் கோணாமல் முதல் நூலளவு உள்ளே இறங்குவதுதான் கஷ்டம். அதற்கு இது போதும்.

வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர். கிரீஸ், என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் ரப்பரில் படக் கூடாது. இயற்கை ரப்பர் அவற்றில் ஊறி, உப்பி, சில மாதங்களில் கொழகொழத்துவிடும். சோப்புத் தண்ணீர் காய்ந்து போய்விடும், பிடியும் திரும்பி வரும்.

அதே திரெட் ராடு, அதே குழாய், இப்போது எதிர்த் திசையில். வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் அழுத்தம். கால் சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, நேராகப் போகிறதா என்று பாருங்கள். கோணினால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வம்படியாக முறுக்கினால் ஸ்லீவ் மடங்கும். எழுதி வைத்த நீட்டல் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

திரும்ப மாட்டுவதும், கடைசி முறுக்கும்

பிராக்கெட்டின் உட்பக்கத்தை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து ஆர்மை மாட்டுங்கள். ஓட்டை சேரவில்லை என்றால் நடுவில் வைத்த ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். போல்ட்டின் தண்டில், மறை இல்லாத பகுதியில், மெல்லிய பூச்சாகத் துருத் தடுப்புப் பசை தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். நட்டைக் கையால் போட்டு, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி விட்டுவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

போன தடவை அண்ணன் மகன் கூட இருந்தான். “சித்தப்பா, கையோட டைட் பண்ணிடலாமா? ஸ்பேனர் நல்லா எட்டுது” என்றான். முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் முழு பலத்தோடு இறுக்கி, வண்டியை இறக்கி, சந்தோஷமாக ஓட்டினேன். அடுத்த சம்பா அறுவடைக்குள் புதுப் புஷ் இரண்டும் கிழிந்துவிட்டன. பொருளில் குறை இல்லை. நான் செய்த தவறு அது.

ஏன் என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் இறுக்கினால் உள் ஸ்லீவ் அங்கேயே பூட்டிக்கொள்கிறது. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும். ரப்பர் அப்போதே முறுகிவிடும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அது முறுகியேதான் இருக்கும். மேட்டில் ஏறும்போது அதற்கு மேலும் முறுகி, ஸ்லீவை விட்டுப் பிய்ந்துவிடும். வண்டி தன் எடையில் நிற்கும்போது ரப்பர் முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். லேட்டரல் ராடுக்கும் இதே நியாயம்தான்.

ஆகவே 6 இடத்திலும் நட்டைத் தளர்வாக விட்டு, ஜாக்கியால் ஆக்சிலை மெதுவாக மேலே ஏற்றுங்கள். முதலில் எழுதி வைத்த அளவு இரண்டு பக்கமும் வரும்வரை. பின்பக்கம் லேசான வண்டி என்பதால் பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும். டிக்கியில் இரண்டு நெல் மூட்டையை வைத்தால் சரியாக அமரும். இன்னும் நல்ல வழி, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, மூட்டையை எடுத்துவிட்டு, சில தடவை அழுத்தி ஆட்டி, முன்னும் பின்னும் தள்ளிவிட்டு இறுக்குவது. ஆல்ட்டோவின் அடியில் கை நுழையும் இடம் குறைவு. பக்கத்திலிருந்தே நீளக் கைப்பிடியோடு எட்டும் போல்ட்டுக்கு மட்டும் இது ஒத்துவரும். எட்டாதவற்றுக்கு ஜாக்கி வழி.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். அந்த எண்ணுக்கு டார்க் ரெஞ்சை வைத்து, போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் ஒரு பெயிண்ட் கோடு. ஹேண்ட் பிரேக் கேபிள் கிளிப்பைத் திரும்பப் போட்டீர்களா, பிரேக் ஹோஸ் எங்கேயும் முறுகவில்லையா என்று பார்த்துவிட்டு, வீல் நட்டைக் குறுக்கு முறையில் இறுக்குங்கள்.

முதல் ஓட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மெதுவாகப் போய், பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் பழைய மதகு. சத்தம் இல்லை, ஆனால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் முன்பு இருந்ததைவிடக் கோணலாக நிற்கிறது என்றால் ஏதோ ஒரு ஆர்ம் சரியாக உட்காரவில்லை. மேலே ஓட்டாமல் திரும்பி வந்து பாருங்கள். நேராக இருந்தாலும் ஒரு அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது.

500 கிலோமீட்டர் ஓடியதும் பெயிண்ட் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, டார்க் ரெஞ்சை ஒரு சுற்று வையுங்கள். அப்போதும் பின் ஆக்சில் வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும், தொங்கக் கூடாது.